கிராமச் சேகரத்துக்குக் குருவானவர் தேடுதல்

ஒரு கிராமச் சேகரத்தின் குருவானவர் மாற்றலாகிச் சென்றபின் அடுத்தவர் வந்து சேருமளவும் உள்ள இடைக்காலத்தைப் பற்றி நம்மவர் எழுதுவது அரிது. பட்டணத்து ஆலயமாயின், பிரசங்க பீடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறிதாய் நின்றாலும் மறுநாளே நால்வர் அத்தியட்சர் அலுவலகத்துப் படியேறுவர். கிராமத்திலோ அப்படியன்று. உபதேசியார் ஜெபம் நடத்துவார். மணி வழக்கம்போல் அடிக்கும். ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கும் குழந்தை தவழத் தொடங்கும். திருவிருந்து ஒரு மாதம், இரு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிக்கொண்டே போகும். "புது ஐயர் எப்போது வருவார்?" என்று கேட்பதோடு சபையாரின் பங்கு முடிந்துவிடுகின்றது. "எப்படிப்பட்டவர் வரவேண்டும்?" என்று அவர்களை எவரும் கேட்பதில்லை, அவர்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதில்லை. இவ்விரண்டாம் வினாவைக் கேட்டே ஆகவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

பெயரைக் குறித்து ஒரு வார்த்தை. 'விகார்' என்று ஆங்கிலேயத் திருச்சபையார் வழங்கும் பதவியே நம்மிடம் குருவானவர், ஆயர், சேகர குரு என்று பல பெயர் பெற்றது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னைப் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையின் நான்கு அத்தியட்சாதீனங்களும், மெதடிஸ்டு சபையின் தென்னிந்திய மாகாணமும், தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபையாயின. ஆகவே கண்டிப்பாய்ப் பேசினால் ஆங்கிலிக்கன் கிராமச் சபை என்ற ஒன்று நம் நாட்டுப்புறத்தில் இன்று இல்லை. ஆனால் அச்சபையின் வழக்கங்கள் பல நம்மிடையே இருக்கின்றன. குருவை மேலிருந்து அனுப்புவதும், கீழிருந்து ஏற்றுக்கொள்வதும் அவ்வழக்கங்களுள் ஒன்று.

புதுவை நாட்டுப்புறத்தை உதாரணமாகக் கொள்வோம். வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்கள் பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதியாதலால், அங்கே கிறிஸ்தவம் பெரும்பாலும் கத்தோலிக்க சபையின் வழியாகவே வேரூன்றிற்று. வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்தையும் அதன் குளத்தையும் அறியாத புதுவையார் இரார். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி புதுவை ஒன்றியப் பிரதேசத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். அவர்களுள் நம் சபையாரின் தொகை சிறிது. பிராட்டஸ்டன்டு ஊழியத்தின் பழைய நிலையம் தெற்கே, ஆங்கிலேயர் கையிலிருந்த கடலூரிலேயே அமைந்தது. ஆனால் பூமியின் அமைப்பு அரசாங்கங்களின் பங்கீட்டுக்கு அடங்குவதன்று. பாகூர் வயல்களுக்கும் கடலூர் வயல்களுக்கும் நடுவே மதில் ஏதுமில்லை. புதுவை நிலமும் தென்னார்க்காட்டு நிலமும் பாயில் பின்னிய கோரைபோல ஒன்றினுள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. இப்பக்கத்தில் ஊழியஞ் செய்யும் ஒரு குருவானவர், காலையில் ஒரு நோயாளியையும் மாலையில் ஒரு துக்க வீட்டையும் பார்த்துத் திரும்புமுன் மாநில எல்லையை நான்கு முறை கடந்திருப்பார். கடந்ததை உணர்ந்தும் இரார்.

இத்தகைய நாட்டில் சிதறிக் கிடக்கும் ஐந்தாறு சிறு சபைகளை ஒரு சேகரமாக எண்ணிப் பாருங்கள். ஓரூரில் நெல்லும் கரும்பும். மற்றோரூரில் ஆலைகளில் முறை வேலை. ஒரு குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓய்வூதியமும் உண்டு. அடுத்த குடும்பம் அன்றாடக் கூலியால் பிழைப்பது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரை இழுக்கப் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்தார். அவ்வழக்கம் இன்று துணைநிலை ஆளுநரால் தொடர்கின்றது. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களின் வருவாய் கொடுக்கப்பட்டதைச் செப்பேடு கூறும். அஃதாவது, நம்முடைய கலாசாலைக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கலாசாலை ஒன்று அவ்வூரிலே நடந்தது. இவற்றையெல்லாம் அறியாத ஒருவர் அங்கே குருவாய் வந்தால், அவர் எவ்வளவு கற்றவராயினும், அயலாருடன் பேச வாயெடுக்க ஓராண்டு ஆகும். அதற்குள் அவருக்கு மாற்றல் வராதிருந்தால் நலம்.

இனிச் சரித்திரத்தைப் பார்ப்போம். தமிழருள் முதன்முதல் பிராட்டஸ்டன்டு குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன் இந்தக் கடலூரிலே பிறந்தவர். 1718இல் ஞானஸ்நானம் பெற்று, தரங்கம்பாடி மிஷனில் உபதேசியாராய் உழைத்து, 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி குருப்பட்டம் பெற்றார். அவருக்குக் கொடுக்கப்பட்டது தரங்கம்பாடிக் கோட்டைக்குள் உள்ள ஆலயமன்று. மாயவரத்தை அடுத்த நாட்டுப்புறச் சபைகளே அவரது பொறுப்பாயின. 1745இல் மரிக்குமளவும் அவற்றிடையே நடந்து திரிந்தார். ஐரோப்பியர் சென்று தங்குவதற்கியலாத இடத்தில் இந்நாட்டவரே தங்கவேண்டும் என்னும் தேவையே அவரைக் குருவாக்கிற்று என்பது கவனிக்கத்தக்கது. நமது குருத்துவம் பிறந்ததே கிராமத்துக்காக. பட்டணம் அதனைப் பிற்காலத்தில் தனதாக்கிக்கொண்டது.

அந்தச் சரித்திரத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதனையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆரோன் வேளாளர். 1741இல் இரண்டாவது தமிழ்க் குருவைத் தெரிந்தெடுக்க நேர்ந்தபோது, தஞ்சை நாட்டில் உழைத்துவந்த இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரை மிஷனரிமார் எண்ணிப் பார்த்தனர். அவர் முன்னே தஞ்சை அரசரின் சேனையில் போர்வீரராயிருந்தவர். எதிர்ப்புக்களைத் தாங்கிச் சபைகளைக் கூட்டியவர். அவருடைய தகுதியில் ஐயமில்லை. ஆனால் அவர் பறையர் வகுப்பிற் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து பெற மேற்சாதியார் இசையார் என்னும் அச்சத்தினால் அவரை விட்டுத் தியோகு என்பவருக்குப் பட்டம் கொடுத்தனர். இராஜநாயக்கன் 1771இல் மரிக்குமளவும் உபதேசியாராகவே இருந்தார். மிஷனரிமார் ஜனங்களைக் கலந்தாலோசியாமல் இருந்திருப்பின், அவருக்குப் பட்டம் கிடைத்திருக்கலாம். அப்படியாயின், "எப்படிப்பட்டவர் வேண்டும்?" என்று சபையாரைக் கேட்கவேண்டுமென யாம் கூறுவது, அதே தீமைக்குக் கதவு திறப்பதாகாதா?

இது எளிதில் தள்ளிவிடத்தக்க ஆட்சேபமன்று. நம் சபைகளில் மாற்றல் காலத்தில் கேட்கும் முணுமுணுப்புக்களுள் பாதி இத்தகையதே. "நம்மவர் வருவாரா?" என்னும் கேள்வியில் உள்ள 'நம்மவர்' யார் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இதனாலேயே சிலர், "அத்தியட்சரே அனுப்பட்டும், சபையார் வாய்மூடி ஏற்கட்டும், அதுவே சாதிக்கு மருந்து" என்று சொல்லுகிறார்கள். அது மருந்தாயிருந்தால் நோய் இதற்குள் தீர்ந்திருக்கவேண்டும். மேலிருந்து அனுப்புகிறவரும் யாரை எங்கே அனுப்பினால் சண்டை வராது என்று கணக்கிட்டே அனுப்புகிறார். அக்கணக்கிலே சாதி உள்ளே வந்துவிடுகின்றது. இராஜநாயக்கனைக் கழித்தது சபையாரின் வாக்கன்று என்பதையும் நினைக்கவேண்டும். சபையார் சொல்லக்கூடும் என்று மிஷனரிமார் எண்ணிய சொல்லே அவரைக் கழித்தது. வெளிப்படையாய்க் கேட்டிருந்தால் ஒருசிலராவது எழுந்து, "எங்களுக்கு அவர் போதும்" என்று சொல்லியிருக்க மாட்டார்களா? அவர் கூட்டிய சபைகளிலேயே அவரை விரும்பினோர் பலர் இருந்திருப்பர். அவர்களுடைய வாய் திறக்கப்படவில்லை.

அதே தென்னார்க்காட்டிலே, நூறாண்டுக்குப் பின், சாதிக்கு இடங்கொடுத்தல் பற்றி லைப்சிக் சங்கத்தாரோடு மாறுபட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ் என்னும் மிஷனரி 1861இல் பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் நிலையத்தை நிறுவினார். அதுவே பின்பு தேனியர் மிஷனோடு சேர்ந்து, இன்றைய ஆற்காடு லுத்தரன் சபைக்கு ஆரம்பமாயிற்று. பாகூருக்கு மிகவும் தொலைவில்லாத இடம் அது. ஆகையால் இப்பக்கத்தார் இக்கேள்வியைப் புதிதாய்க் கேட்பவரல்லர்.

கடலூரின் கதை வேறொன்றையும் கற்பிக்கின்றது. 1737இல் அங்கே மிஷன் தொடங்கிற்று. 1740இல் கீர்நாந்தர் வந்தார். 1758இல் பிரெஞ்சுக்காரர் புனித தாவீது கோட்டையைப் பிடித்தபோது அவர் வெளியேறிக் கல்கத்தாவுக்குப் போனார். பின்னர் 1767 முதல் கெரிக்கே ஐயர் அங்கிருந்தார். 1782இல் மறுபடியும் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமாகவே, அவரும் நாகப்பட்டினம் சேர்ந்தார். ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை மேய்ப்பனில்லாத மந்தையாயிற்று அச்சபை. அதனைத் தாங்கினவர் பெயர் தெரியாத உபதேசியார்களும் வீட்டு ஜெபம் நடத்திய பெண்மக்களுமே. குருவின்றிச் சபை பிழைக்கும் என்பதை இது காட்டுகின்றது. ஆயின் பிழைப்பது வேறு, வளர்வது வேறு.

வளர்ந்ததற்கு உதாரணம் பாளையங்கோட்டை. 1780இல் அங்கே சபைப் பதிவில் இருந்தவர் நாற்பது பேர். கிளாரிந்தா என்னும் பிராமண விதவை முன்னின்று சிறிய ஆலயமொன்றைக் கட்டுவித்தார்; 1785இல் சுவார்ச்சையர் அதனைப் பிரதிஷ்டை செய்தார். அச்சபை குருவைப் பெற்ற வகையைப் பாருங்கள்: முதலில் சத்தியநாதன் உபதேசியாராய் வந்தார், ஜனங்களோடு இருந்து பழகினார், அதற்குப் பின்பே, 1790இல், அவருக்குக் குருப்பட்டம் ஆயிற்று. பட்டம் பெற்ற ஒருவரை அறியாத ஊருக்கு அனுப்பாமல், ஊர் அறிந்த ஒருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். இந்த முறைக்கும் நாம் இன்று கைக்கொள்ளும் முறைக்கும் உள்ள தூரம் எவ்வளவு!

ஆங்கிலேய நாட்டிலும் இன்று கிராமச் சபைகளின் நிலை நாம் எண்ணுவதுபோல் இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு விகார், ஒரு பெரிய வீடு, ஒரு தோட்டம் என்றிருந்தது. இப்போதோ ஐந்து, ஆறு, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட கிராமங்களை ஒருவரே பார்க்கிறார். பழைய குருமனைகள் விற்கப்பட்டுச் செல்வர் வீடுகளாயின. குருவை நியமிக்கும் உரிமை அங்கே நெடுங்காலமாய் நிலப்பிரபுக்களுக்கும், சர்வகலாசாலைக் கல்லூரிகளுக்கும், அரசருக்கும், அத்தியட்சருக்குமாகப் பங்கிடப்பட்டிருந்தது; சில இடங்களில் அவ்வுரிமை விலைக்கும் போயிற்று. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சீர்ப்படுத்தியது. அதன்படி, ஸ்தானம் காலியானவுடன் சபை ஆலோசனைச் சங்கம் கூடித் தன் சபையின் நிலைமை, தேவை, வழக்கம் ஆகியவற்றை விவரித்து ஓர் அறிக்கை எழுதவேண்டும். சபையாருள் இருவரைப் பிரதிநிதிகளாகத் தெரிந்தெடுக்கவேண்டும். அவ்விருவரின் சம்மதத்தைப் பெற்றே புதியவரை நியமிக்கலாம். நியமிப்பவர் வேறு, ஆயின் சபைக்கும் வாய் உண்டு.

இவ்வேற்பாட்டை அப்படியே இங்கு நடவேண்டும் என்பது எமது எண்ணமன்று. இரண்டு பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்கச் சொன்னால் நம்மூரில் நான்கு கட்சிகள் உண்டாகும். அதற்கொரு வழக்கு, வழக்குக்கொரு மேல்வழக்கு. சபைத் தேர்தல்கள் நீதிஸ்தலம் ஏறுவதைக் கண்டு சலித்திருக்கும் நாம், இன்னுமொரு தேர்தலை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. குருவானவரை வாக்கெடுத்துத் தெரிந்தெடுத்தல் கூடாது. வாக்கினால் வந்தவர், தமக்கு வாக்களியாதார் வீட்டில் மரணம் நேர்ந்தால் எந்த முகத்தோடு செல்வார்? ஆனால் அந்த அறிக்கை நமக்கு வேண்டும். அதற்கு எந்தச் சட்டமும் திருத்த வேண்டுவதில்லை. ஒரு காகிதமும் உண்மை பேசும் மனமும் போதும்.

நமது திருச்சபையின் அமைப்பிலும் இதற்கு ஆதாரமில்லாமற் போகவில்லை. 1947இல் ஐக்கியமானபோது செய்த உறுதிமொழியில், ஒரு சபை பழகாத அல்லது மனச்சாட்சியால் ஆட்சேபிக்கும் ஆராதனை முறையையாவது குருத்துவத்தையாவது அதன்மேல் சுமத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அத்தியட்சரால் அபிஷேகம் பெற்றவர், பெறாதவர் என்னும் பழைய பிரச்சினையைக் கருதியே அவ்வார்த்தைகள் எழுதப்பட்டன என்பது மெய்யே. எனினும், சபையின் மனச்சாட்சியைக் கேட்டறிந்தே மேய்ப்பனை அனுப்பவேண்டும் என்னும் கொள்கை அவ்வார்த்தைகளுக்குள் இருக்கின்றது. கேட்காமல் அறிவது எங்ஙனம்?

அறிக்கையில் என்ன எழுதவேண்டும்? இங்கேதான் நம்மவர் தடுமாறுவர். எந்தச் சேகரத்தாரை வினவினாலும், "நல்ல பிரசங்கியார் வேண்டும், நன்றாய்ப் பாடுகிறவர் வேண்டும், வாலிபரைக் கவர்கிறவர் வேண்டும்" என்பார்கள். "மழைக்காலத்தில் சேற்றில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் வேண்டும்" என்று எவரும் எழுதக் கண்டதில்லை! ஆறு சபைகளை உடைய சேகரத்திற்கு முதலாவது வேண்டுவது அதுவே. இத்தனை சபைகள், ஒன்றிற்கொன்று இத்தனை தூரம், பேருந்து இல்லாத ஊர் இது, ஞாயிறு காலையில் முறை வேலைக்குச் செல்வோர் இத்தனை குடும்பம், ஆகையால் இவ்வூரில் ஆராதனை மாலையில் நடக்கவேண்டும், திருவிருந்து கிடைத்துக் கடைசியாய் இத்தனை மாதம் ஆயிற்று, காணிக்கை வரவு இவ்வளவு, பேராயத்துக்குச் செலுத்தவேண்டிய பங்கு இவ்வளவு, பாக்கி இவ்வளவு, குருமனையின் கூரை ஒழுகும். இவற்றை எழுதட்டும். தங்கள் சண்டைகளையும் எழுதட்டும். எந்த இரண்டு குடும்பங்கள் எந்த நிலத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை என்பது, வருகிறவர் முதல் வாரத்திலே அறியவேண்டிய செய்தி. அதனை ஒரு பக்கத்தார் வாயால் அறிவதைக் காட்டிலும் அறிக்கையில் அறிவது மேல். எங்கள் ஆலயத்தில் யார் எந்தப் பக்கத்தில் அமர்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பனவற்றையும் எழுத மனமிருந்தால் அதுவே பெரிய பிரசங்கமாகும். இப்படி எழுதும்போதுதான், "நம்மவர் வருவாரா?" என்னும் முணுமுணுப்பு வெட்கப்பட்டு ஒதுங்கும். இருட்டிலே சொல்லத்தக்க பேச்சைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட எவர் துணிவார்?

வருகிறவருக்கும் இதனால் நன்மையுண்டு. மாற்றல் உத்தரவு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவிக்கு வேலையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எங்கே என்று கலங்கும் ஒரு குருவானவரை நாம் எளிதாய்க் குறை கூறுகிறோம். பட்டணத்திலே வீடெடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் கிராமத்துக்கு வந்துபோகிறவரைப் பற்றி நமக்கு மதிப்பில்லை. ஆனால் கூரை ஒழுகும் வீட்டை இருபது ஆண்டாய்ப் பழுது பாராமல் வைத்திருந்துவிட்டு, அதிலே ஏன் தங்கவில்லை என்று கேட்கச் சபையாருக்கும் உரிமை குறைவே. அன்றியும், மூன்றாண்டோ ஐந்தாண்டோ என்று எண்ணி எண்ணி மாற்றுவது கிராமத்துக்குப் பொருந்தாது. முதலாண்டு முகம் அறிய. இரண்டாமாண்டு பெயர் அறிய. மூன்றாமாண்டே மனம் அறிய. மனம் அறிந்தவுடன் மாற்றல்.

ஒருவர் ஆறு சபைகளையும் பார்த்தல் இயலுமா என்னும் கேள்வி இன்னும் இருக்கின்றது. இயலாது என்பதே நேர்மையான விடை. இராக்லாந்து ஐயர், கேம்பிரிட்ஜில் கல்லூரித் தோழர் பதவியிலிருந்தவர், 1854 முதல் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊரூராய்ச் சுற்றினார். 1858இல் சிவகாசியில் மரித்தார். அவருடைய முறை சுவிசேஷம் சொல்வதற்குத் தகுந்தது. நிலைத்த சபைகளை மேய்ப்பதற்குப் போதாது. அசரியா அத்தியட்சர் கண்ட வழி வேறு. வெள்ளாளன்விளை என்னும் கிராமத்துக் குருவானவரின் மகன் அவர். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி, ஆங்கிலிக்கன் சபையில் இந்தியருள் முதல் அத்தியட்சராகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றுத் தோர்னக்கல் சென்றார். அங்கே மாலர், மாதிகர் வகுப்பினர் கூட்டங் கூட்டமாய்ச் சபையிற் சேர்ந்தபோது, பட்டதாரிகளுக்காகக் காத்திராமல், கிராமத்து உபாத்தியாயர்களையே மனைவிமாரோடு வருவித்துப் பயிற்றிக் குருக்களாக்கினார். அவர் 1945 ஜனவரி 1ஆம் தேதி மரித்தபோது, அவருடைய அத்தியட்சாதீனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இந்தியக் குருக்கள் இருந்தனர். ரோலண்டு ஆலன் என்னும் ஆங்கிலேயர் இன்னும் ஒருபடி மேலே போய், சொந்தத் தொழிலாற் பிழைக்கும் மூப்பர்களைச் சம்பளமின்றியே குருக்களாக்கலாம் என்று வாதித்து 1930இல் நூல் எழுதினார். அக்காலத்தில் அவருக்குச் செவிகொடுத்தோர் சிலர்.

நமது திருச்சபையில் கௌரவக் குருவானவர் என்னும் ஏற்பாடு இப்போதும் உண்டு. அஃது பெரும்பாலும் பட்டணத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றோர்க்கே பயன்படுகின்றது. பெரிய ஆலயங்களில் மூன்றாவது, நான்காவது அங்கியாக நிற்கின்றது. அதனைக் கிராமத்துக்குத் திருப்புவதே தக்கது. பாகூர்ப் பக்கத்தில் பள்ளி ஆசிரியை ஒருத்தி இருபது ஆண்டாய் ஞாயிறு பாடசாலை நடத்தி, நோயாளிகளைப் பார்த்து, துக்க வீடுகளில் ஜெபித்து வருவாளாயின், திருவிருந்துக்கு மட்டும் நாற்பது கல் தொலைவிலிருந்து வேறொருவர் வரவேண்டும் என்பது என்ன நியாயம்? பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது நமக்குப் புதிதன்று. 1976 முதல் தென்னிந்தியத் திருச்சபையில் அது நடைபெறுகின்றது. 2013இல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்மணி அத்தியட்சருமானார். சேகரக் குரு ஒருவர் முழுநேரமாயும், ஊருக்கு ஒருவர் கௌரவமாயும் இருந்தால், அந்த முழுநேரத்தவர் இவர்களைப் பயிற்றுவிக்கிறவராவார். இராஜநாயக்கனுக்குச் செய்த குற்றத்துக்குப் பரிகாரம் என்று ஒன்று உண்டாயின், இத்தகைய நியமனங்களிலேதான் அது தொடங்கும்.

கல்வி குறைந்துவிடும் என்று நம் கலாசாலை ஆசிரியருட் சிலர் அஞ்சக்கூடும். 1969இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியற் கல்லூரி போன்றவை நமக்கு உண்டு. அவற்றிற் கற்றுத் தேறியோரை நாம் குறைத்துப் பேசவில்லை. கற்றவர் வரட்டும். ஆனால் வருகிறவர் எங்கே? ஆண்டுதோறும் இக்கலாசாலையினின்று வெளியேறும் பட்டதாரிகளுட் குருத்துவத்துக்கு முன்வருவோரை விரல்விட்டு எண்ணலாம். அவ்விரல்களுள்ளும் கிராமத்தை நாடுவது எத்தனை? பட்டணத்துப் பிள்ளைகளைக் காட்டிலும், இவ்விடுதியில் தங்கிப் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளே இதில் அதிகமாய்த் தயங்குகிறார்கள். கிராமத்தை விட்டு வெளியேறுவதற்காகவே தந்தையார் நிலத்தை அடகு வைத்துப் படிக்க அனுப்பினார். திரும்பிப் போ என்று சொல்ல நாம் யார்? அதனாலேயே, திரும்பிப் போகவேண்டாதவரை, அஃதாவது அங்கேயே இருக்கிறவரைத் தேடவேண்டும் என்கிறோம்.

அடுத்த முறை ஒரு கிராமச் சேகரம் காலியாகும்போது செய்யத்தக்க சிறிய காரியம் ஒன்றுண்டு. சேகரக் கமிட்டி வழக்கம்போல் தலைமைச் சபையின் ஆலயத்திலே, மின்விசிறியின் கீழே, பகல் பன்னிரண்டு மணிக்குக் கூடவேண்டாம். சேகரத்தின் கடைசி ஊரில், பேருந்து நிற்காத ஊரில், வயலுக்கும் ஆலைக்கும் போனவர்கள் திரும்பியபின், விளக்கு வைத்த நேரத்திலே கூடட்டும். கமிட்டியார் மட்டுமன்று, பெண்களும், கமிட்டியில் ஒருநாளும் இடம்பெறாத குடும்பங்களும் வரட்டும். வாலிபருள் எழுத்து நன்றாய் அமைந்த ஒருவன் எழுதட்டும். எழுதியதை எல்லாச் சபைகளிலும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் உரத்து வாசிக்கட்டும். பொய்யென்று யாராவது சொன்னால் திருத்தட்டும். அதற்குப் பின் ஒரு பிரதியை அத்தியட்சருக்கும், ஒரு பிரதியை அவர் அனுப்ப எண்ணியிருக்கும் குருவானவருக்கும் அனுப்பட்டும். மற்றொரு பிரதியை ஆலயப் பெட்டியில் வைக்கட்டும். வருகிறவர் போகும்போது அடுத்த அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.